வேனுக்குப் பால் காய்ச்சிய காலை

வேனில் குடியிருக்கிறேன் என்று சொன்னால் ஜனங்கள் முதலில் கேட்பது கக்கூசைப் பற்றித்தான். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று ஒருத்தர் கேட்கமாட்டார். ஆகவே அதை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். ஈப்போவிலிருந்து சுங்காய் வரைக்கும் எந்தப் பெட்ரோல் நிலையத்தில் கக்கூஸ் சுத்தமாக இருக்கும், எந்தக் கோயிலில் ஐந்து மணிக்கே குளியலறையைத் திறப்பார்கள், எந்த நீச்சல்குளத்தில் புதன்கிழமை கூட்டம் இருக்காது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. போதுமா? இனி வேறு பேசலாம்.

என் பேர் ராக்காயி. வயது அறுபத்திரண்டு. வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். ஈப்போ புந்தோங்கில் பதினாறு வருஷம் வாடகைக்கு இருந்த வீட்டை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டார். என் ஒரே மகள் ஷர்மினி பெர்ச்சாமில் புருஷனோடு இருக்கிறாள். “முன்னறையில வந்து இரும்மா” என்றாள். அந்த முன்னறை எனக்குத் தெரியாதா? இஸ்திரிப் பலகை, மருமகனின் சைக்கிள், போன தீபாவளி அலங்கார விளக்கு, இதற்கெல்லாம் நடுவில் நான். மகள் தங்கமானவள், மருமகனும் வாயில்லாப் பூச்சி. ஆனாலும் அடுத்தவர் வீட்டில் ஃபேன் சுவிட்சைப் போடக்கூட ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டியிருக்கிறதே, அது எனக்கு ஒத்துவராது. “காம்பார்ல ஒரு ரூம் பாத்துட்டேன்லா, நல்ல ரூம்” என்று கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு மெத்தையை வேனில் போட்டேன். எட்டு மாதம் ஆகிறது.

வேன் என் புருஷனுடையது. அவர் பேரைச் சொல்ல முப்பத்தேழு வருஷம் எனக்கு வாய் வரவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் போன பிறகு, ஆபீஸ் ஆபீசாகப் படிவங்களில் எழுதி எழுதிப் பழகிவிட்டது. சதாசிவம். சுங்காய்க்குப் பக்கத்தில் ஏழாங்கட்டைத் தோட்டத்தில் நாங்கள் இரண்டு பேரும் ரப்பர்ப் பால்வெட்டு வேலை பார்த்தவர்கள். தோட்டத்தை விற்று, ரப்பரை அழித்து எண்ணெய்ச் செம்பனை போட்டபோது எங்களைச் சாமானோடு லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். நஷ்டஈட்டில் மற்றவர்கள் டிவி வாங்கினார்கள், மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள். அவர் இந்த வேனை வாங்கினார். இருபது வருஷம் புந்தோங் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கினார்.

டிசம்பர் லீவு விட்டால் போதும், இருக்கைகளையெல்லாம் கழற்றி வாசலில் அடுக்கிவிட்டு உள்ளே மெத்தையை விரிப்பார். “ஓட்டல்ல படுத்தா கூரையத்தான் பாத்துக்கிட்டுக் கெடக்கணும்” என்பார், வேனுக்குக் கூரையே இல்லாத மாதிரி. லூமூட் கடற்கரை, கேமரன் மலை, தைப்பிங் ஏரி. தைப்பிங் மழை தகரத்தில் கொட்டினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. மூன்று பேரும் கத்திக் கத்திப் பேசிக்கொண்டு மரவள்ளிக்கிழங்கு தின்போம். ஷர்மினி மல்லாந்து படுத்துக் கூரைத் துணியில் பேனாவால் ஊர்ப்பேர் எழுதுவாள். அதற்காக என்னிடம் முதுகில் இரண்டு வாங்கியிருக்கிறாள். இன்றைக்கு அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டுதான் எனக்குத் தூக்கம் வருகிறது. அந்த நாட்கள் திரும்பி வராது என்று தெரியாத அளவுக்கு நான் மடச்சி இல்லை. ஆனால் வேறு எந்த வீட்டில் படுத்தாலும் அவை இவ்வளவு பக்கத்தில் இருப்பதில்லை.

சும்மா படுத்துவிட முடியாது, அதற்கும் முறை இருக்கிறது. எட்டு மாதத்தில் நானே அடிபட்டுக் கற்றுக்கொண்டது. கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைக்க வேண்டும், அந்த இடைவெளிக்குக் கொசுவலையை வெட்டி ஒட்ட வேண்டும். எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கவே கூடாது. பின்கதவைத் திறக்காமல் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. ஒரே இடத்தில் மூன்று ராத்திரிக்கு மேல் நிற்கக் கூடாது; போலீஸ் நிலையமோ கோயிலோ கண்ணுக்குத் தெரிய வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், எங்கே நிறுத்தினாலும் வேனின் மூக்கு வெளியே போகும் வழியைப் பார்த்து இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று என்றால் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டு நிற்க முடியுமா? சாவியைத் திருகினோமா, போனோமா என்று இருக்க வேண்டும்.

இன்னொன்று, அவருடைய பூட்ஸ். பத்தாம் நம்பர் கறுப்பு ரப்பர் பூட்ஸ், இடது காலில் சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டியது. இருட்டுவதற்கு முன்னால் அதைப் பக்கக்கதவுக்கு வெளியே ஜோடியாக வைத்துவிடுவேன். பார்க்கிறவன், உள்ளே ஒரு தடி ஆம்பளை படுத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவான். செத்த பிறகும் மனுஷன் காவலுக்கு இருக்கிறார்.

இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் என் பிறந்தநாள் வந்து மண்ணைப் போட்டது. ஷர்மினி சொல்லாமல் கொள்ளாமல் கேக்கை வாங்கிக்கொண்டு காம்பாருக்கு வந்துவிட்டாள். நான் கொடுத்திருந்தது என் சிநேகிதி காளியம்மா வீட்டு விலாசம். காளியம்மாவுக்குப் பொய் வராது, வந்தாலும் முகம் காட்டிக் கொடுத்துவிடும். “ரூமா? அவ வேன்ல இல்ல இருக்கா” என்று போட்டு உடைத்துவிட்டாள். கேக்கையும் அவளே வாங்கி வைத்துக்கொண்டாள், கேட்டீர்களா கதையை.

அன்று போனில் மகள் அழுத அழுகையை நான் சொல்ல மாட்டேன். கடைசியில் ஒன்று சொன்னாள்: “சனிக்கிழம வாரேன். சாவிய வாங்கிட்டுத்தான் போவேன். வேன ஐயாவு அண்ணன் எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டாரு. நீ வீட்டுக்கு வர.” ஐயாவு ஈப்போவில் பட்டறை வைத்திருப்பவர். பழைய வண்டிகளை வாங்கி, பிரித்து, கதவு தனி, எஞ்சின் தனி என்று விற்பவர். எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. ஆனாலும் சரி என்றுதான் சொன்னேன். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவள் என்ன வாதம் செய்ய முடியும்?

சனிக்கிழமை காலை அவள் ரயிலில் வந்தாள். திரும்பும்போது வேனை ஓட்டிக்கொண்டு போகலாம் என்ற கணக்கு. நான் காம்பார் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நின்று காப்பிக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். எட்டு மணி என்றவள் ஏழரைக்கே வந்துவிட்டாள். பூட்ஸை உள்ளே எடுத்து வைக்கவில்லை.

“ம்மா” என்று வெளியிலிருந்து ஒரு குரல். நடுங்கிய குரல். “உள்ள யாரு?”

எனக்கு வந்ததே கோபம். “உங்கப்பன்தான்டி! வேற யாரு வருவா?”

எட்டிப் பார்த்தேன். குனிந்து அந்த டியூப் ஒட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயசுப் பெண், கம்பெனியில் பத்துப் பேரை அதட்டி வேலை வாங்குகிறவள், சாலையோரத்தில் சிறுபிள்ளை போலக் குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

“ஆளு இருக்கிற மாதிரி காட்டவாம்மா?”

“ம்.”

“இவ்ளோ சுத்தமா இருக்கே. கழுவுறியா?”

“வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம கழுவுவேன். அவருதான் கழுவவே மாட்டாரே. சேத்தோட அப்படியே உள்ள ஏறி வந்து என்கிட்ட வாங்கிக் கட்டிக்குவாரு.”

“ஆம்பள பூட்ஸு இப்படிப் பளபளன்னு இருந்தா எவன் நம்புவான்?” என்றாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது அவளுக்கு.

உள்ளே ஏறினாள். திரையாகத் தொங்கும் என் பழைய சேலை, ஐஸ்பெட்டி, மடக்கு நாற்காலி, முருகன் படத்துக்குக் கீழே கொக்கியில் சாவி. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு மெத்தையில் மல்லாந்து படுத்தாள். கூரையில் அவள் எழுத்து அப்படியே இருந்தது. “தைப்பிங். மழை. அப்பா குறட்டை” என்று வாய்விட்டுப் படித்தாள். நான் காப்பியை நீட்டினேன். படுத்தபடியே வாங்கிக்கொண்டாள். ஒரு நிமிஷம் எனக்கு நம்பிக்கை வந்தது. ஆனால் அவள் எழுந்து உட்கார்ந்து, “சாவிம்மா” என்று கையை நீட்டினாள்.

“தரேன். அதுக்கு முன்ன ஏழாங்கட்டைக்கு ஒரு நடை போலாம். அங்க போய்ச் சேந்ததும் சாவி உன் கையில. அதுக்கப்புறம் ஒரு வார்த்த பேசமாட்டேன்.”

“அங்க என்ன இருக்கு? எல்லாம் செம்பனதானே?”

“பால் காய்ச்சணும்.”

அவள் ஐஸ்பெட்டியைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஒரு லிட்டர் பால். பக்கத்தில் அந்தச் சின்ன எவர்சில்வர் சட்டி.

அந்தச் சட்டியை அவளுக்குத் தெரியும். கல்யாணமாகித் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக்குள் போன அன்று என் அம்மா கொடுத்தது. புது வீட்டில் முதலில் பால் பொங்க வேண்டும் என்பது நம் வழக்கம். லயத்தில் காய்ச்சினேன். பிறகு பீடோரில் ஒரு வீடு, கோப்பெங்கில் ஒன்று, புந்தோங்கில் இரண்டு. ஐந்து வீட்டிலும் கிழக்குப் பார்த்துப் பால் பொங்கியது, ஐந்து வீட்டையும் ஒரு நாள் காலி பண்ணச் சொன்னார்கள். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக ஒரு முழம் மண்ணுக்குக்கூட உரிமைப் பத்திரம் கிடையாது. கிராண்ட் என்று எங்கள் பேரில் இருந்தது இந்த வேனுக்கு மட்டும்தான். முதலில் அவர் பேரில், இப்போது என் பேரில். எட்டு மாதம் இதில் வாழ்ந்தும் பால் காய்ச்ச எனக்குத் தோன்றவே இல்லை. ஐயாவு வெட்டப் போகிறார் என்றபோதுதான் உறைத்தது.

“விக்கப்போற வேனுக்குப் பால் காய்ச்சுவாங்களாம்மா?”

“ஒரு நாளாச்சும் சொந்த வீட்ல காய்ச்சினேன்னு இருக்கட்டுமே.”

அவள் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். நான் சாவியைக் கொக்கியிலிருந்து எடுத்தேன்.

தாப்பா, பீடோர் வழியாக ஓட்டினேன். பீடோரில் ரொட்டி சானாய் தின்றோம். ராகு காலம் முடியட்டும் என்று அங்கேயே கொஞ்சம் உட்கார்ந்திருந்தோம். வழியெல்லாம் ஷர்மினி, “பிரேக்கைப் பாத்துப் போடும்மா, லாரிக்கு வழி விடும்மா” என்று உபதேசம் பண்ணிக்கொண்டு வந்தாள். “நீ கடைசியா கியர் வண்டி ஓட்டினது எப்ப? வாய மூடிட்டு வா” என்றேன். அவளுடைய காரில் கியரே கிடையாது, கிளட்சும் கிடையாது. பொம்மைக் கார் மாதிரி மிதித்தால் போகும்.

தோட்டத்தை நினைத்து உருகுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அட்டைக்கடியும் மலேரியாவும் கணக்கெழுதும் கிராணியின் வாயும் மறந்துபோச்சா இவர்களுக்கு? நான் அங்கே போக நினைத்தது தோட்டத்துக்காக இல்லை, பெரட்டுக் களத்துக்காக. விடியுமுன் எங்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்ட மைதானம் அது. எங்களை லாரியில் ஏற்றி அனுப்பியதும் அங்கிருந்துதான். வேன் வாங்கிய மறுநாள் அவர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து நேரே அங்கேதான் வந்தார். ஆளில்லாத களத்தை ஹார்ன் அடித்துக்கொண்டே மூன்று சுற்றுச் சுற்றினார். “லாரில ஏத்தி விட்டாங்கல்ல? இப்ப சொந்த வண்டில வந்திருக்கேன்னு சொல்லு!” என்று செம்பனங்கன்றுகளைப் பார்த்துக் கத்தினார். நாங்கள் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஷர்மினிக்குப் பதினேழு ஆனபோது அவளுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்ததும் அதே களத்தில்தான்.

இப்போது அது பாதியாகச் சுருங்கிக் கிடக்கிறது. ஒரு ஓரத்தில் செம்பனைக் குலைகளைக் குவித்திருந்தார்கள். முதல் நாள் மழையில் செம்மண் குழைந்திருந்தது. ஆபீஸ் இருந்த இடத்தில் மூன்று சிமெண்டுப் படிகள் மட்டும் எங்கேயும் போகாமல் நின்றன. நான் வேனை நிறுத்தி, சொன்ன சொல்லுக்குச் சாவியை அவள் கையில் வைத்தேன்.

பின்கதவைத் தூக்கி, தரைப்பலகையில் கேஸ் அடுப்பை வைத்து, சட்டிக்குச் சந்தனம் குங்குமம் இட்டேன். பாலை ஊற்றப் போனவள் அப்போதுதான் வெயிலைப் பார்த்தேன். சூரியன் வேனின் மூக்குப் பக்கம் இருந்தான். களத்துக்குள் வருவதற்கும் போவதற்கும் ஒரே வழி, அது கிழக்கே. எட்டு மாதப் பழக்கத்தில் என் கை தானாகவே மூக்கை வழியைப் பார்க்கத் திருப்பி நிறுத்தியிருக்கிறது. அடுப்பு மேற்கே பார்த்து உட்கார்ந்திருந்தது.

“என்னம்மா?”

“கெழக்கு அந்தப் பக்கம் போச்சு.”

“அதனால என்ன? அடுப்பக் கீழ வச்சுக் காய்ச்சு.”

“தரையிலயா? தர என்னைக்குடி நம்முதா இருந்துச்சு? வேனுக்குள்ளதான் பொங்கணும்.”

“அப்ப சாவியக் கேளு. திருப்பி நிறுத்து.”

“குடுத்த சாவியக் கேக்கமாட்டேன்.”

“எதுக்கும்மா இவ்ளோ வீம்பு!” வெடித்துவிட்டாள். “உனக்குத் தெரியுமா, விசயம் தெரிஞ்ச நாள்லேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. ஒரு நாள் காலையில இந்தக் கதவு தொறக்காமயே கெடந்தா எனக்கு யாரு வந்து சொல்லுவா? எந்த ஊர்ல, எந்த ரோட்டுல வந்து உன்னத் தேடுவேன்? அப்பாவும் இல்ல. நீயும் போய்ட்டா எனக்கு யாரும்மா இருக்கா?”

இதை இவள் முதலிலேயே சொல்லியிருக்கலாம். மானம் போகிறது, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றுதான் பேசுவாள் என்று நான் நினைத்திருந்தேன். என் கோபமெல்லாம் அதற்குத்தான் சேர்த்து வைத்திருந்தேன். இவளோ பயந்து கிடந்திருக்கிறாள்.

“பயமாத்தான் இருக்கும், எனக்குப் புரியுது” என்றேன். “ஆனா ஷர்மி, உன் வீட்ல நான் விருந்தாளி. எத்தன வருசம் இருந்தாலும் விருந்தாளிதான். இதுல நான் வீட்டுக்காரி. சாகிற வரைக்கும் வீட்டுக்காரியா இருந்துட்டுப் போறேனேன்னு ஆசப்பட்டேன். அவ்ளோதான். நீ கொண்டு போ.”

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் நடந்தாள். ஓட்டுநர் கதவு சாத்திய சத்தம் கேட்டது. நான் அடுப்பை இறக்கிக் கீழே வைத்துவிட்டு, சட்டியையும் பாலையும் அணைத்துக்கொண்டு தள்ளி நின்றேன். எஞ்சின் ஓடியது, குலுங்கி நின்றது. மறுபடி ஓடியது, மறுபடி நின்றது. கிளட்சை மெதுவாக விடு என்று கத்த வாய் வந்தது. என்னத்துக்கு என்று விட்டுவிட்டேன். மூன்றாம் தரம் வேன் நகர்ந்தது. பின்கதவு திறந்தபடியே, திரைச்சேலை பறக்க, நேரே வெளியே போகும் வழியைப் பார்த்துப் போயிற்று. என் மெத்தை, என் முருகன், அவர் பூட்ஸ், எல்லாம் போய்க்கொண்டிருந்தது.

வழியின் முனையில் வேன் நிற்கவில்லை. வளைந்தது. வளைந்தபோதே ஹார்ன் அடித்தது. குலைக் குவியலைச் சுற்றி, சிமெண்டுப் படிகளைச் சுற்றி, என்னைச் சுற்றி, செம்மண் தெறிக்க ஒரு சுற்று. இரண்டாவது சுற்றில் நான் அழுதுகொண்டிருந்தேன். மூன்றாவது சுற்றில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, “சொந்த வண்டில வந்திருக்கோம்னு சொல்லும்மா!” என்று கத்தினாள். நான் சட்டியைத் தூக்கிக்காட்டிக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது.

அவள் வேனை நிறுத்தியபோது மூக்கு மேற்கே இருந்தது. திறந்த பின்கதவுக்குள் வெயில் மெத்தை வரைக்கும் வந்து விழுந்திருந்தது.

“அடுப்ப வைம்மா.”

அடுப்பைத் தரைப்பலகையில் ஏற்றி, பாலை ஊற்றிப் பற்றவைத்தேன். பொங்கி, கிழக்குப் பக்கமாகத்தான் வழிந்தது. “பொங்கிருச்சு” என்று அவள் சின்ன வயசில் கை தட்டுவாளே, அதே மாதிரி தட்டினாள். இருக்கிற இரண்டு கோப்பைகளில் சீனி போட்டுக் குடித்தோம்.

“ராத்திரி எங்க நிறுத்தினாலும் ஏழு மணிக்குள்ள எனக்கு இடத்த அனுப்பணும். காலையில ஏழுக்கு நானே கூப்புடுவேன். எடுக்கலன்னா போலீசோட வருவேன்” என்றாள். “ஞாயித்துக்கிழம என் வீட்டு வாசல்ல நிறுத்து. உள்ள வந்து படுக்க வேணாம், வேன்லயே படு. சோறு மட்டும் என் வீட்ல.”

“ஐயாவு?”

“அவருக்கு நான் சொல்லிக்கிறேன்.” சாவியைக் கொண்டுபோய் முருகன் படத்துக்குக் கீழே கொக்கியில் மாட்டினாள்.

பிறகு தன் வெள்ளைச் சப்பாத்தைக் கழற்றினாள். அவருடைய பூட்ஸை எடுத்துக் கால்களை விட்டாள். பிள்ளையின் கால் அதற்குள் தொளதொளவென்று ஆடியது. குலைக் குவியலுக்குப் பக்கத்தில் சேறு அதிகமாக இருந்த இடமாகப் பார்த்து இறங்கி, மிதி மிதி என்று மிதித்தாள்.

“என்னடி பண்ற?”

“இப்ப வெளிய வச்சுப் பாரு, எவன் கிட்ட வாரான்னு பாப்போம். இனிமே கழுவாத.”

சொல்லிவிட்டு, கணுக்கால் வரைக்கும் செம்மண் அப்பிய பூட்ஸோடு தொப் தொப்பென்று நடந்து வந்து, வேனுக்குள் ஒரு காலைத் தூக்கி வைத்தாள்.

“ஏய்! சேத்தோட உள்ள ஏறாத!” என்று ஒரு அதட்டல் போட்டேன்.

அந்த அதட்டலை நான் போட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது.